கிறிஸ்தவ ஹிப்ஹாப்: யாரை நோக்கிப் பாடினார்கள்?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. கிறிஸ்தவ ஹிப்ஹாப் எப்போது, யாரால் தொடங்கியது, அதில் கேட்க வேண்டிய கலைஞர்கள் யார் என்பது முதல் பகுதி. ராப் பாட்டை எடுத்து அதன்மேல் வேத வசனத்தை ஒட்டவைப்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பகுதி. இரண்டாவதற்கான விடை முதலாவதற்குள்ளேயே அடங்கியிருப்பதால் வரலாற்றையே சொல்லிக்கொண்டு போகிறேன். போகும் வழியில் ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள்: ஒவ்வொரு தலைமுறைக் கலைஞரும் யாரை மனத்தில் வைத்துப் பாடினார் என்பது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையா, தெருமுனையில் நிற்கும் இளைஞனையா, இறையியல் படிக்கும் மாணவனையா, முன்பின் அறியாத பொது ரசிகரையா என்பதைப் பொறுத்தே இந்த இசையின் ஓசையும் சொல்லும் விற்பனையும் அதைச் சுற்றி எழுந்த சண்டைகளும் மாறி வந்திருக்கின்றன.

ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்வது வழக்கம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், பள்ளிக்கூடத் துணிமணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி என்ற பெண் ஒரு விருந்து நடத்தினார். அதில் அவருடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஆட்டத்துக்கு ஏற்ற தாளப் பகுதியை நீட்டிக்கொண்டே போனார். கருவி அப்படி வந்தது. ஆனால் அந்தத் தாளத்தின்மேல் பேச்சை ஏற்றி, ஏற்றி இறக்கி, கூட்டத்திடம் மறுமொழி கேட்டு வாங்கும் ராப்பின் வித்தை கறுப்பின மக்களுக்குப் புதிதல்ல. அவர்களுடைய சபைகளில் பிரசங்கியார் பேசத் தொடங்கி, பேச்சு மெல்ல மெல்லப் பாட்டாக மாறி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சபையார் குரல் கொடுக்கும் முறை பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஆகவே ராப் என்பது வெளியிலிருந்து சபைக்குள் நுழைந்த அந்நியன் என்று பேசுவது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

ஒலிப்பதிவாகக் கிடைக்கும் முதல் கிறிஸ்தவ ராப் பாடலாகப் பலரும் சுட்டுவது 1982-இல் மெக்ஸ்வீட் என்பவர் வெளியிட்ட ‘ஜீசஸ் கிரைஸ்ட்’ என்ற பாடலை. முழு ஆல்பம் என்று வரும்போது ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஸ்டீபன் வைலி 1985-இல் கேசட்டாக வெளியிட்ட ‘பைபிள் பிரேக்’ முதலிடத்தில் வைக்கப்படுகிறது. அதன் தலைப்புப் பாடல் வேதாகமப் புத்தகங்களின் பெயர்களைத் தாளத்தில் அடுக்கிச் சொல்லிக்கொண்டு போகும். ஆதியாகமம், யாத்திராகமம் என்று தொடங்கும் வரிசையை மனப்பாடம் செய்யத் தவித்த எந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் அந்தப் பாட்டின் பயன் உடனே விளங்கிவிடும். இன்று கேட்டால் எளிமையாகவும் சற்றுக் குழந்தைத்தனமாகவும் ஒலிக்கிறது என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது குழந்தைகளுக்காகவே செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டுச் சொல்லும் குறை அது. வைலி யாருக்குப் பாடுகிறோம் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்.

1987-இல் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரைச் சேர்ந்த மைக்கேல் பீஸ் தம் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு டல்லஸிலிருந்து பி.ஐ.டி. என்ற குழு வந்தது. ‘மாறுவேடமிட்ட பிரசங்கிகள்’ என்பது அந்த எழுத்துகளின் விரிவு. மாறுவேடம் தேவைப்பட்டது என்பதிலேயே அந்தக் காலத்தின் நிலைமை தெரிகிறது. சபைக்காரர்கள் ராப்பை உலகத்தின் இசை என்று சந்தேகித்தார்கள். ராப் ரசிகர்களோ இவர்களைப் பிரசங்கம் செய்ய வந்தவர்கள் என்று சந்தேகித்தார்கள். கிறிஸ்தவப் புத்தகக் கடைகள்தாம் விற்பனைக்கு இருந்த ஒரே வாசல். அந்தக் கடைக்குள் நுழைபவர் பெரும்பாலும் வெள்ளையினப் புறநகர்க் குடும்பத்தினர். ஆக, தெருவை நோக்கி எழுதப்பட்ட பாடல் தெருவைச் சென்றடைய வழியே இல்லாமல் இருந்தது.

அந்த முதல் தலைமுறையில் எவரை மறந்தாலும் டி-பாய் என்ற பெயரில் பாடிய டேனி ராட்ரிகஸை மறக்கக் கூடாது. புவேர்ட்டோ ரீக்கோ வம்சாவளிக் குடும்பம். பெற்றோர் டல்லஸில் போதைக்கும் கும்பல்களுக்கும் நடுவே வாழ்ந்த இளைஞர்களிடையே தெரு ஊழியம் நடத்தியவர்கள். ராப் அந்த ஊழியத்தின் ஒரு பகுதியாகவே அவருக்கு வந்தது. 1989-இல் முதல் ஆல்பம், 1990-இல் இரண்டாவது. அதே 1990 அக்டோபரில் 22 வயதில் டல்லஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரி எம்சி ஜீ ஜீ அதே ஆண்டில் தம் ஆல்பத்தை வெளியிட்டு, கிறிஸ்தவ ராப்பில் தனி ஆல்பம் கண்ட தொடக்ககாலப் பெண்களில் ஒருவரானார். இந்த இசையைச் சபையின் தூண்டில் இரை என்று இளக்காரமாகப் பேசுபவர்கள், அதைப் பாடியவர்கள் எந்தத் தெருவில் நின்று பாடினார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில், புகழின் உச்சியில் இருந்த எம்சி ஹாம்மரையும் இந்தக் கதையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் பெறுவதற்கு முன்பே அவர் கிறிஸ்தவ ராப் குழு ஒன்றில் இருந்தவர். 1987-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே ‘சன் ஆஃப் த கிங்’ என்ற பாடலை வைத்தார். 1990-இல் அவருடைய ‘பிரே’ என்ற பாடல் அமெரிக்க இசைத் தரவரிசையான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 2-ஆம் இடம்வரை ஏறியது. பெரிய இசை நிறுவனத்தோடு முதன்முதலில் ஒப்பந்தம் செய்த ராப்பரான கர்ட்டிஸ் புளோ பிற்காலத்தில் ஹார்லெமில் ஹிப்ஹாப் வழிபாடு நடத்தும் போதகரானார். ரன்-டிஎம்சி குழுவின் ரன் ‘ரெவரெண்ட் ரன்’ ஆனார். ஹிப்ஹாப்புக்கும் சபைக்கும் இடையே நடமாட்டம் எப்போதும் இருந்துகொண்டேதான் இருந்தது.

விற்பனையில் முதல் பெரிய வெற்றி டிசி டாக் குழுவுக்குக் கிடைத்தது. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் உள்ள லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் 1980-களின் பிற்பகுதியில் சந்தித்த மூவர்: டோபி மெக்கீஹன், மைக்கேல் டேட், கெவின் மேக்ஸ். ஒருவர் ராப் செய்ய, மற்ற இருவர் பாட, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் நின்றார்கள். 1992-இல் வந்த ‘ஃப்ரீ அட் லாஸ்ட்’ ஆல்பம் கிராமி விருது பெற்றது. கிறிஸ்தவக் குடும்பத்து வாலிபர்கள் பெற்றோருக்கு அஞ்சாமல் கேட்கக்கூடிய ராப்பாக அது பரவியது. அதன் பலமும் பலவீனமும் அதுவே. 1995-இல் வந்த அடுத்த ஆல்பத்தில் குழு ராக் இசைக்கு நகர்ந்துவிட்டது. கிறிஸ்தவ ராப்பின் மிகப் பிரபலமான பெயர் ராப்பை விட்டே போய்விட்டது என்பதை அந்நாளைய ரசிகர்கள் ஒரு ஏமாற்றமாகவே நினைவுகூர்வார்கள். ஆனாலும் டோபி மெக்கீஹன் நண்பர்களோடு 1994-இல் தொடங்கிய கோட்டீ ரெக்கார்ட்ஸ் நிறுவனம்தான் நாஷ்வில்லின் கிரிட்ஸ் இரட்டையரைக் கொண்டுவந்தது. அவர்களுடைய ‘ஊ ஆ’ என்ற பாடல் 2006-இல் வந்த ஒரு பிரபல கார் பந்தயத் திரைப்படத்தில் ஒலித்தபோது, அது கிறிஸ்தவக் குழுவின் பாட்டு என்று தெரியாமலேயே உலகமெங்கும் கேட்டார்கள்.

மேற்குக் கரையில் கதை வேறு விதமாக ஓடியது. தெற்குக் கலிபோர்னியாவின் எஸ்.எஃப்.சி. குழுவில் சப் த கெமிஸ்ட் எழுதிய வரிகளைச் சொல்லடுக்கின் நுட்பத்துக்காக இன்றும் ராப் எழுதுபவர்கள் மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் எதிரெதிர்க் கும்பல்களைச் சேர்ந்த முன்னாள் உறுப்பினர்கள் கூடி காஸ்பல் கேங்ஸ்டாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1994-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில், அப்போது அந்த நகரம் உலகுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த, கும்பல் வாழ்வைப் பாடும் கேங்ஸ்டா ராப்பின் அதே கனத்த இசையில், மனந்திரும்பியவனின் சாட்சி ஒலித்தது. அருகிலேயே டனல் ராட்ஸ் என்ற பெருங்கூட்டம். கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், ஆண், பெண் என்று கலந்திருந்த அந்தக் கூட்டத்தில் ஸேன், எல் ராக் ஆகிய பெண் ராப்பர்கள் ஆண்களுக்குச் சமமாக நின்று பாடினார்கள். கிறிஸ்தவ ராப் தரத்தில் மட்டம் என்ற பேச்சை முதலில் உடைத்தவர்கள் இவர்களே என்பேன். பழைய டனல் ராட்ஸ் பதிவுகளில் பிரசங்கம் குறைவு. ‘எங்களோடு போட்டிக்கு வா’ என்ற துணிச்சல் அதிகம்.

இனி ஃபிலடெல்பியா. இந்த வரலாற்றின் நடுத்தூண் அங்கேதான் இருக்கிறது. 1990-களின் நடுவில் அங்கு உருவான கிராஸ் மூவ்மெண்ட் குழுவில் அம்பாசடர், டோனிக், ஃபனாட்டிக் முதலியோர் இருந்தார்கள். 1997-இல் ‘ஹெவன்ஸ் மென்டாலிட்டி’, பிறகு ‘ஹவுஸ் ஆஃப் ரெப்ரசென்டேட்டிவ்ஸ்’, 2003-இல் ‘ஹோலி கல்ச்சர்’ என ஆல்பங்கள் வந்தன. கிழக்குக் கரையின் கனமான பறைச் சத்தத்தின்மேல், பவுலின் நிருபங்களை வரிவரியாக விளக்கும் பிரசங்கியின் ஒழுங்கோடு அவர்கள் பாடினார்கள். பாவம், கிருபை, நீதிமானாக்கப்படுதல் என்ற சொற்களை மழுப்பாமல் எடுத்து, அவற்றைத் தெருவின் பேச்சில் உடைத்துச் சொன்னார்கள். அம்பாசடர் டல்லஸ் இறையியல் கல்லூரியில் படித்தவர். போதகராகவும் ஊழியம் செய்தவர். சபை, தெரு என்று தனித்தனியே பார்க்காமல், தெருவில் வளர்ந்து சபைக்கு வந்தவனுக்கு அவனுடைய மொழியிலேயே போதனை கொடுப்பதை அவர்கள் தம் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். சொந்தமாக ஓர் இசை நிறுவனத்தையும் நடத்தினார்கள். டா ட்ரூத், செயிண்ட் லூயிஸின் ஃபிளேம் ஆகியோர் அதன் வழியாகவே வெளியே வந்தார்கள். லெக்ரே என்ற புதியவரின் முதல் ஆல்பத்தை 2005-இல் மறுவெளியீடு செய்து பரப்பியதும் அந்த நிறுவனம்தான்.

அதே நகரத்தில் லேம்ப்மோட் நிறுவனத்தின் கலைஞர்கள் போதனையை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார்கள். ஷை லின் 2008-இல் வெளியிட்ட ‘த அடோன்மெண்ட்’ ஆல்பம் முழுவதும் சிலுவைப் பலியைப் பற்றியே பேசுகிறது. அதில் ஒரு பாடல், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தாரா, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டும் மரித்தாரா என்ற பழைய வாதத்தை எடுத்து, பிதாவும் குமாரனும் ஆவியானவரும் ஒரே நோக்கத்தோடு செயல்படுகிறார்கள் என்ற அடிப்படையிலிருந்து படிப்படியாக, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே என்ற கால்வினியப் பதிலுக்கு வந்து சேர்கிறது. அந்த முடிவை ஏற்காதவர்கள் பலர் உண்டு. ஆனால் இறையியல் வகுப்பில் ஒரு மணி நேரம் பிடிக்கும் தர்க்கத்தைச் சில நிமிடப் பாட்டுக்குள், எதுகை தவறாமல், அடுத்த படிக்குத் தாவாமல் கொண்டுபோகும் கைத்திறனை எவரும் மறுக்க முடியாது. வசனத்தை ஒட்டவைப்பது மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு பாடலைக் கேட்டுவிட்டு அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுப்பாருங்கள். இதே ஷை லின் 2013-இல், விசுவாசித்தால் செல்வம் பெருகும் என்ற செழிப்பு உபதேசம் செய்யும் தொலைக்காட்சி ஊழியர்களைப் பெயர் சொல்லியே கண்டித்து ஒரு பாடல் வெளியிட்டார். அவர்களுள் ஒருவரின் மகன் வெளிப்படையாக மறுப்பு எழுதுமளவுக்கு அது சலசலப்பை உண்டாக்கியது.

இப்போது லெக்ரே. அவரைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். 1979-இல் ஹூஸ்டனில் பிறந்தவர். தந்தையின் துணையின்றி வளர்ந்தவர். வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் மனந்திரும்பியவர். அதன்பின் சிறார் தடுப்பு மையத்தில் தன்னார்வ ஊழியம் செய்யப்போனபோது அங்கிருந்த பிள்ளைகளுக்கு ராப் பாடிக் காட்டினார். அவர்கள் கேட்ட விதம்தான் இதை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளத் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2004-இல் பென் வாஷர் என்ற நண்பரோடு சேர்ந்து ரீச் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். அவர்களைச் சூழ்ந்த குழுவுக்கு 116 என்று பெயர். ரோமர் முதலாம் அதிகாரம் 16-ஆம் வசனம்: ‘கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்’. அந்த எண்ணைச் சட்டையில் அச்சிட்டும் உடம்பில் பச்சை குத்தியும் வாலிபர்கள் சுற்றினார்கள். ட்ரிப் லீ, சமோவா வம்சாவளியினரான டெடாஷி, ஷோ பராக்கா, ஃபுளோரிடாவின் கே.பி., நியூயார்க்கின் ஆண்டி மினியோ என்று அந்தக் குழு விரிந்தது.

ரீச் ரெக்கார்ட்ஸின் வெற்றிக்கு விசுவாசம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பழைய கிழக்குக் கரை ஓசையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைய ஹிப்ஹாப்பின் மையம் தெற்கு மாநிலங்களுக்கு நகர்ந்திருந்தது. அவர்களும் அதே கனத்த அடிநாதத்தையும் படபடக்கும் ஹை-ஹாட் தாளத்தையும் எடுத்துக்கொண்டு, நிறுவனத்தையே டெக்சாஸிலிருந்து அட்லாண்டாவுக்கு மாற்றினார்கள். இணையம் வந்து புத்தகக் கடையின் வாசலைத் தேவையற்றதாக்கியிருந்தது. 2008-இல் லெக்ரேயின் ‘ரெபெல்’ பில்போர்டின் காஸ்பல் (சுவிசேஷ இசை) பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிறிஸ்தவ ஹிப்ஹாப் ஆல்பம் ஒன்று அங்கு முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. 2012-இல் ‘சர்ச் க்ளோத்ஸ்’ என்ற மிக்ஸ்டேப்பை (முறைசாராப் பாடல் தொகுப்பை), சபைக்கு வெளியே உள்ள ராப் வட்டத்தில் பெயர்பெற்ற டிஜே டான் கேனனோடு சேர்ந்து இலவசமாக வெளியிட்டார். சபைக்குப் போகாதவன் ஏன் போகவில்லை என்பதை அவன் பக்கத்திலிருந்து சொல்லும் தலைப்புப் பாடலைக் கேட்டுச் சில பழைய ரசிகர்கள் அவர் சறுக்கிவிட்டார் என்றார்கள். அதே ஆண்டில் வந்த ‘கிராவிட்டி’ 2013-இல் சிறந்த காஸ்பல் ஆல்பத்துக்கான கிராமியை வென்றது. ஹிப்ஹாப் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2014 செப்டம்பரில் ‘அனாமலி’ பில்போர்டு 200 பொதுப் பட்டியலிலும் காஸ்பல் பட்டியலிலும் ஒரே வாரத்தில் முதலிடத்தில் நின்றது.

அந்த ‘அனாமலி’யில் இரண்டு பாடல்களை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். ‘வெல்கம் டு அமெரிக்கா’ ஒரே நாட்டை மூன்று பேர் கண்ணால் பார்க்கிறது: ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவன், போரிலிருந்து திரும்பிய சிப்பாய், அந்த நாட்டுக்குள் நுழையத் துடிக்கும் வெளிநாட்டவன். மூவரும் ஒரே பல்லவிக்குள் வந்து சேரும்போது அந்தப் பல்லவியின் பொருள் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ‘குட், பேட், அக்லி’யில் அவர் தம் காதலியைக் கருக்கலைப்புக்கு அழைத்துச்சென்றதையும், சிறுவயதில் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையையும் தம் வாயாலேயே சொல்கிறார். சபைகளில் சாட்சி சொல்லும் வழக்கம் பழையதுதான். ஆனால் பிரபலமான ஒருவர், கிறிஸ்தவக் குடும்பங்களின் செல்லப் பிள்ளையாக இருக்கும்போதே, நடந்ததை அழகுபடுத்தாமல் இப்படிச் சொன்னது எனக்கு இன்றும் கனமாகவே இருக்கிறது.

அதே 2014-இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். லெக்ரே அதைப் பற்றி எழுதினார், பேசினார். இயேசுவைப் பற்றிப் பாடும்வரை கைதட்டிய வெள்ளையின ரசிகர்களில் கணிசமானோர், கறுப்பின மக்களின் துயரத்தைப் பற்றிப் பேசியதும் முகம் திருப்பிக்கொண்டார்கள். 2017-இல் ஒரு பாட்காஸ்ட் உரையாடலில், வெள்ளையின இவாஞ்சலிக்கல் (சுவிசேஷ சபை) வட்டாரத்திலிருந்து தாம் மனத்தளவில் விலகியதை வெளிப்படையாகச் சொன்னார். விசுவாசத்தை விடவில்லை, யாருடைய கைதட்டலுக்காகப் பாடுகிறோம் என்ற கணக்கைத்தான் மாற்றிக்கொண்டார். 2024-இல் ‘சர்ச் க்ளோத்ஸ் 4’ மறுபடி கிராமி பெற்றது.

இந்தப் பிளவு லெக்ரேயோடு தொடங்கியதல்ல. 2012-இல் ஹம்பிள் பீஸ்ட் என்ற போர்ட்லாண்ட் நிறுவனத்திலிருந்து ப்ராபகாண்டா என்ற லாஸ் ஏஞ்சலிஸ் கவிஞரின் ‘எக்சலென்ட்’ ஆல்பம் வந்தது. டனல் ராட்ஸ் கூட்டத்தில் வளர்ந்தவர் அவர். ஹம்பிள் பீஸ்ட் தன் ஆல்பங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கொடுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். ‘எக்சலென்ட்’டில் இருந்த ‘பிரெஷஸ் பியூரிடன்ஸ்’ பாடல், பியூரிடன் (17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்) முன்னோர்களை மேற்கோள் காட்டிப் பிரசங்கிக்கும் போதகரை நோக்கிப் பேசுகிறது. நீங்கள் போற்றும் அந்தப் பரிசுத்தவான்கள் என் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் ஆயிற்றே. அவர்கள் பெயரை நீங்கள் உச்சரிக்கும்போது என் போன்றவன் காதில் அது எப்படி விழுகிறது என்று யோசித்தீர்களா என்பது அதன் சாரம். கடைசியில் கவிஞர் அதே விரலைத் தம்மை நோக்கித் திருப்பி, தம் உபதேசமும் தம் வாழ்வும் ஒத்துப்போகாத இடத்தைக் காட்டுகிறார். இந்தத் திருப்பம்தான் அதைக் குற்றப்பத்திரிகையாக நின்றுவிடாமல் கவிதையாக்குகிறது. மாதக்கணக்கில் போதகர்களும் இறையியலாளர்களும் அந்தப் பாட்டை விவாதித்தார்கள்.

2013 நவம்பரில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தாக்குதல் வந்தது. குடும்ப வழிபாட்டை வலியுறுத்தும் ஒரு சபை அமைப்பின் கருத்தரங்கில், கிறிஸ்தவ ராப்பைப் பற்றிக் கேட்டதற்கு மேடையிலிருந்த பலரும் ஒரே குரலில் கண்டித்தார்கள். ஒருவர் இதைச் செய்பவர்களைக் கீழ்ப்படியாத கோழைகள் என்றே சொல்லிவிட்டார். அந்தக் காணொளி பரவியதும் பல மூத்த போதகர்கள் ராப்பர்களுக்கு ஆதரவாக எழுதினார்கள். அப்படிப் பேசியவர் பின்பு மன்னிப்புக் கேட்டார். 2017-இல் ஷோ பராக்காவின் ‘த நேரட்டிவ்’ ஆல்பத்தை லைஃப்வே என்ற பெரிய கிறிஸ்தவக் கடைத் தொடர் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஆண் உறுப்பின் மருத்துவப் பெயர் ஒரு வரியில் வந்ததுதான் காரணம்.

ஃபிளேமின் வழக்கைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கிறிஸ்தவ ராப் பாடல் ஒன்று உலகச் செய்தியானது அப்போதுதான். 2008-இல் வந்த அவருடைய ‘ஜாய்ஃபுல் நாய்ஸ்’ பாடலில் திரும்பத் திரும்ப வரும் எட்டுச் சுரங்களின் கோவையை, பாப் பாடகி கேட்டி பெர்ரியின் 2013-ஆம் ஆண்டுப் பாடலான ‘டார்க் ஹார்ஸ்’ நகலெடுத்தது என்பது வழக்கு. நம் சுரக் கணக்கில் சொன்னால் இரண்டுமே ககககரிரி என்று ஆரம்பித்துக் கீழே இறங்குகின்றன. தங்கள் துதிப் பாடல் மாந்திரீகப் படங்கள் நிறைந்த ஒரு காணொளியோடு சேர்த்துப் பேசப்படுவதால் களங்கப்பட்டது என்பதும் 2014-இல் தொடுத்த அந்த வழக்கில் ஒரு முறையீடு. பெர்ரி தாமே 2001-இல் கிறிஸ்தவ ஆல்பத்தோடு பாடத் தொடங்கியவர் என்பது இந்தக் கதையின் விசித்திரம். 2019-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடுவர் குழு ஃபிளேமின் பக்கம் தீர்ப்பளித்து, சுமார் 27.8 லட்சம் டாலர் இழப்பீடு நிர்ணயித்தது. 2020 மார்ச்சில் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிசெய்தது. சிறு சுரக்கோவை யாருக்கும் தனிச்சொத்தாகாது என்ற முடிவு இசை உலகத்துக்கு நல்லதுதான் என்று ஃபிளேமை விரும்பிக் கேட்கும் நானும் நினைக்கிறேன்.

அடுத்து வரும் பெயர்களில் மிகப் பெரியது மிச்சிகனின் என்.எஃப். அவருடைய ‘பெர்செப்ஷன்’ 2017-லும் ‘த செர்ச்’ (தேடல்) 2019-லும் பில்போர்டு 200-இல் முதலிடம் பிடித்தன. தாம் கிறிஸ்தவர்தான், ஆனால் தம் இசையைக் கிறிஸ்தவ ராப் என்று பெயரிட வேண்டாம் என்பது அவர் நிலை. மன வேதனையைப் பற்றிய அவருடைய பாடல்களில் கர்த்தருடைய பெயர் வராத பாடல்களே அதிகம். பொது ராப்பில் பெயர்பெற்ற சான்ஸ் த ராப்பர் 2016-இல் ‘கலரிங் புக்’ ஆல்பத்தில் சபைப் பாடகர் குழுவை நடுநாயகமாக வைத்தார். கான்யே வெஸ்ட் 2019-இல் ‘ஜீசஸ் இஸ் கிங்’ கொண்டுவந்து முதலிடமும் பிறகு கிராமியும் பெற்றார். அவருடைய பிற்காலப் பேச்சுகளைக் கேட்ட பிறகு அந்த ஆல்பத்தை இந்த வரலாற்றில் எங்கே வைப்பது என்பதில் ரசிகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நாற்பது ஆண்டு உழைத்தவர்களின் வரிசையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெண்களுக்கு இந்த வட்டாரம் நெடுநாள் கதவைச் சரியாகத் திறக்கவில்லை. செயிண்ட் லூயிஸைச் சேர்ந்த ஜாக்கி ஹில் பெர்ரி மேடைக் கவிதையிலிருந்து வந்து 2014-இல் ‘த ஆர்ட் ஆஃப் ஜாய்’ வெளியிட்டார். சொல்லை எடைபோட்டு வைப்பதில் அவருக்கு ஈடு சொல்ல ஆண்களிலும் சிலரே. நைஜீரியாவில் பிறந்து டெக்சாஸின் ஆஸ்டினில் வளர்ந்த வாண்டே, 2019-இல்தான் ரீச் ரெக்கார்ட்ஸின் முதல் பெண் கலைஞரானார். நிறுவனம் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு என்பதைக் கவனியுங்கள். இப்போது அதே நிறுவனத்தில் ஹல்வி போன்ற இளைஞர்கள் ராப்பையும் ஆராதனைப் பாடலையும் தடையின்றிக் கலக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? ராப் கேட்டுப் பழகியவரானால் லெக்ரேயின் ‘அனாமலி’யை முதலில் எடுங்கள். சொற்களுக்காகக் கேட்பவரானால் ப்ராபகாண்டாவின் ‘எக்சலென்ட்’. வரிகளை எழுத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது. வேதாகமத்தை நன்கு படித்தவரானால் ஷை லினின் ‘த அடோன்மெண்ட்’ உங்களோடு வாதாடும். அதன் வேரைத் தேடினால் கிராஸ் மூவ்மெண்டின் ‘ஹோலி கல்ச்சர்’. கூச்சலும் துணிச்சலும் வேண்டுமானால் பழைய டனல் ராட்ஸ். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் ‘பைபிள் பிரேக்’ போட்டுவிடுங்கள். 1985-ஆம் ஆண்டுக் கேசட்டின் இரைச்சலோடு கிடைக்கும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.